கல்லாவுக்கு அந்தப் பக்கம்



வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விஷயத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் வளாகத்துக்குள் இருக்கும் மளிகைக் கடையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, "இனி ரொக்கம் கிடையாது, க்யூஆர் மட்டும்" என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாமா என்பதுதான் அது. யோசனை சொன்னவர்கள் மூன்று காரணம் எழுதியிருக்கிறார்கள். சில்லறைத் தகராறு இருக்காது. கல்லாவில் பணம் இல்லாததால் திருட்டு பயம் இருக்காது. கடைக் கணக்கு சுத்தமாக இருக்கும், அதில் ஒரு பங்கு வாடகையாக வரும் சங்கத்துக்கும் நல்லது. மூன்றுமே நியாயமான காரணங்கள்.

1981 முதல் 2019 வரை வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில் கழிந்தது. ஓட்டுப் போடுவதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாமே என்று ஆசிரியர் குழுவிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடையில் எப்படிப் பணம் கொடுப்பது என்பது நம் விருப்பம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கடந்த எழுபது வருஷக் கணக்கைப் பார்த்தால், பெரும்பாலும் அதை முடிவு செய்தது கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். எப்படி வாங்கினால் தனக்கு நஷ்டம் குறைவு என்று அவர் பார்த்தார். நாம் அதற்கேற்ப மாறிக்கொண்டோம்.

பற்று நோட்டுக் காலம்

நம்மில் அறுபது தாண்டியவர்களுக்கு மளிகைக் கடை என்றால் முதலில் ஞாபகம் வருவது பற்று நோட்டு. நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு நம்மிடம், அதே கணக்கு எழுதிய பேரேடு கடைக்காரரிடம். 1968 வாக்கில் கும்பகோணத்தில் எங்கள் தெருக் கடைக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. துவரம்பருப்பு அரைக் கிலோ, நல்லெண்ணெய் கால் லிட்டர் என்று கடைக்காரர் எழுதி, தொகையைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். சம்பளம் வந்த முதல் வாரத்தில் அப்பா போய் மொத்தத்தையும் அடைத்துவிட்டு வருவார். மாதம் முழுவதும் எங்கள் கையில் காசு புழங்கியதே கிடையாது.

இது எல்லோருக்கும் கிடைத்த வசதி இல்லை. வாத்தியார், தபால்காரர், ரயில்வே ஊழியர், கச்சேரிக் குமாஸ்தா என்று ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறவர்களுக்குத்தான் நோட்டு. தினக்கூலிக்குப் போகிறவர் சாயங்காலம் கூலி வாங்கி, அன்றைக்கு வேண்டிய அரிசியையும் புளியையும் ரொக்கம் கொடுத்து வாங்குவார். அவர் தலைக்கு மேலே பலகை தொங்கும்: "இன்று ரொக்கம், நாளை கடன்". பக்கத்தில் இன்னொன்று: "கடன் அன்பை முறிக்கும்". ஒரே கடை, ஒரே பருப்பு. ஒருவருக்கு அன்பை முறிக்கும் கடன் இன்னொருவருக்கு முறிக்காது. கடைக்காரர் தன் முதலை ஒரு மாதம் நம்மிடம் முடக்கி வைக்கிறார். அந்த முதல் திரும்பி வரும் என்ற நம்பிக்கை யார் மேல் இருந்ததோ அவர்களுக்கு மட்டும் நோட்டு போட்டார். அந்த முடக்கத்தின் செலவு விலையில் கொஞ்சம் ஏறியிருக்கும். நோட்டு வைத்திருப்பவர்கள் பேரம் பேசுவதில்லை என்பதை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

காசே இல்லாத வியாபாரமும் நம் ஊரில் இருந்தது. உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல் வாங்கிய வழக்கத்தைச் சங்க இலக்கியம் சொல்கிறது. அதன் வாரிசு, பழைய பட்டுப் புடவைக்கும் பேன்ட்டுக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்கள். நம் வீடுகளில் சில டிபன் பாக்ஸ்கள் அப்படி வந்தவைதான்.

அணாவை மாற்றிய கணக்கு

ரொக்கம் கொடுப்பதும் எப்போதும் சுலபமாக இருந்ததில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று நாடு தசம நாணயத்துக்கு மாறியது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. மாறியபின் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. எட்டணா 50 ஆகவும் நாலணா 25 ஆகவும் அழகாகப் பொருந்தின. சிக்கல் ஓரணாவில் வந்தது. 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று மாற்று அட்டவணை போட்டார்கள்.

வியாபாரக் கண்ணோடு இதைப் பாருங்கள். ஓரணாப் பொருளைத் தனித்தனியாக நான்கு தடவை வாங்கினால் 24 நயா பைசா. சேர்த்து வாங்கினால் 25. மூன்றணாவுக்கு வாங்கினால் கால் பைசா கடைக்காரருக்கு லாபம்; ஓரணாவுக்கு வாங்கினால் கால் பைசா நஷ்டம். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு ஓரணா வெற்றிலை பாக்கு விற்கிறவருக்கு இது விளையாட்டில்லை. விலையையே மாற்றி, 5 அல்லது 10 நயா பைசாவில் முடிகிற மாதிரி வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. 1964 ஜூனில் "நயா" என்ற சொல்லை அரசு எடுத்துவிட்டது. பேச்சில் மட்டும் நாலணாவும் எட்டணாவும் இன்னும் முப்பது வருஷம் இருந்தன. "ஓட்டைக் காலணா" இன்றைக்கும் இருக்கிறது. உலகப் போர் நேரத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் 1943 முதல் நடுவில் துளை போட்டு அச்சிட்ட காசு அது.

சில்லறையும் மிட்டாயும்

நான் கவுண்டருக்கு வந்தபோது ரொக்கத்தின் பெரிய தொல்லை சில்லறை. காலையில் வங்கி திறந்ததும் முதல் வரிசையில் நிற்பவர்கள் பெட்டிக்கடை, ஓட்டல், மருந்துக் கடைக்காரர்கள். நூறு ரூபாய் நோட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டு நாணய மூட்டை கேட்பார்கள். எங்களிடமும் கேட்ட அளவுக்கு இருக்காது. கிடைக்காதவர்கள் கோவில் உண்டியல், பஸ் கண்டக்டர் என்று சில்லறை சேரும் இடத்தில் கமிஷன் கொடுத்து வாங்குவார்கள். மீதி இல்லாத கடைக்காரர் நமக்கு மிட்டாய் கொடுப்பார், மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கொடுப்பார்கள். நாம் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துச் சாமான் கேட்டால் வாங்கமாட்டார்.

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. ஆனால் கடைகளில் அவை அதற்கு வெகு காலம் முன்பே செல்லாக்காசு ஆகிவிட்டன. இதற்கு நேர்மாறு பத்து ரூபாய் நாணயம். அது சட்டப்படி செல்லும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, 14 வடிவமைப்புகளில் அந்த நாணயம் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அறிக்கையே கொடுத்தது. அப்படியும் தமிழ்நாட்டில் பல ஊர்க் கடைகளில் அதை நீட்டினால் தலையாட்டி மறுத்தார்கள். காரணம் கேட்டால், "நான் வாங்கினால் என்கிட்டே யாரும் வாங்க மாட்டாங்க சார்" என்பார்கள். சட்டம் டெல்லியில் இருந்தாலும் காசு செல்வதும் செல்லாததும் கல்லாவில்தான் முடிவாகிறது.

காசோலை, அட்டை

காசோலையை மளிகைக் கடையில் யாரும் வாங்கியதில்லை. ஜவுளி, நகை, பர்னிச்சர் கடைகளில் தெரிந்த வாடிக்கையாளரிடம் வாங்குவார்கள். உள்ளூர்க் காசோலை தீர்வாகவே இரண்டு மூன்று நாள் ஆகும், வெளியூர்க் காசோலைக்கு வாரக்கணக்கு. திரும்பி வந்துவிட்டால் கடைக்காரர் அலைய வேண்டும். 1989 ஏப்ரல் 1 முதல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு அமலுக்கு வந்து, கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது குற்றமானது. பிரிவு வந்தது, வழக்குகள் குவிந்தன. பத்து கிலோ அரிசிக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? மளிகைக் கடை மாறவில்லை.

கடன் அட்டை நாம் நினைப்பதைவிட வெகு முன்பே இங்கே வந்துவிட்டது. டைனர்ஸ் கிளப் அட்டை 1961-லேயே இந்தியாவுக்கு வந்தது. 1980-ல் சென்ட்ரல் பேங்க் ஆப் இந்தியா தன் சொந்த அட்டையை வெளியிட்டது. அப்போது கடையில் ஒரு தகட்டு இயந்திரம் இருக்கும். அட்டையை வைத்து மேலே கார்பன் தாளைப் போட்டு, கைப்பிடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தால் எண்கள் தாளில் பதியும். தொலைந்துபோன அட்டைகளின் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு மின்னணு இயந்திரம், டெபிட் அட்டை, ரகசிய எண் எல்லாம் வந்தன.

ஆனாலும் அட்டை தெருமுனைக் கடைக்குள் நுழையவில்லை. அதற்குக் காரணம் வணிகர் கட்டணம். கடன் அட்டையில் நூறு ரூபாய்க்கு விற்றால் கடைக்காரர் கைக்கு ஏறக்குறைய 98 ரூபாய்தான் வரும். மீதி வங்கிகளுக்கும் அட்டை நிறுவனத்துக்கும். இயந்திர வாடகை தனி. டெபிட் அட்டைக்கு 2012-ல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது: 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். நகைக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் அதைத் தாங்கிக்கொள்வார்கள். சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிலோவுக்குச் சில்லறைக் காசு லாபம் பார்க்கிறவர் எதற்குத் தாங்க வேண்டும்? "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட ஆகும்" என்று கடைக்காரர் சொல்லி, நாம் பர்ஸைத் திறந்து நோட்டை எடுத்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். நம் பையில் அட்டை இருந்தது, விருப்பமும் இருந்தது. கல்லா ஒத்துக்கொள்ளவில்லை.

2016-ல் நடந்ததும் நடக்காததும்

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள். அதற்கு முன் 1946-லும் 1978-லும் இப்படி நடந்திருக்கிறது, ஆனால் அப்போது போனவை சாதாரண ஜனங்கள் கண்ணால் பார்க்காத பெரிய நோட்டுகள். இந்த முறை காய்கறி வாங்கும் நோட்டே போனது. அந்த ஐம்பது நாள் கவுண்டரில் இருந்த எங்களுக்கு அது மறக்காது. இங்கே அதை விரிக்கவில்லை.

யுபிஐ இந்த அறிவிப்புக்குப் பிறந்த குழந்தை என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்பே தயாராக இருந்தது. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதை உருவாக்கி 2016 ஏப்ரலில் அறிமுகம் செய்தது. ஆகஸ்ட் கடைசியில் செயலிகள் வந்தன. கையில் நோட்டே இல்லாத அந்த டிசம்பர் மாதத்தில் நாடு முழுவதும் யுபிஐயில் நடந்த பரிவர்த்தனைகள் சுமார் 20 லட்சம்தான். புது நோட்டு வந்ததும் ஜனங்கள் பழையபடி ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். 2018 டிசம்பர், 2019 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு நகரங்களில் ரிசர்வ் வங்கி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 500 ரூபாய் வரையான சிறு செலவுகளுக்குப் பெரும்பாலானோர் ரொக்கமே கொடுக்கிறார்கள் என்றுதான் அப்போதும் தெரிந்தது. நோட்டைப் பறித்தும் பழக்கம் மாறவில்லை.

ஸ்டிக்கர் வந்த கதை

பிறகு எப்படி மாறியது? முதலில் செல்போன் டேட்டா மலிவானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் ஆன விஷயம் இது. அடுத்தது முக்கியமானது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வணிகர் கட்டணம் பூஜ்யம் என்று அரசு ஆக்கியது. நூறு ரூபாய்க்கு விற்றால் நூறு ரூபாயும் கடைக்காரர் கணக்கில், அதுவும் அந்த நிமிஷமே. இயந்திரம் வேண்டாம், ஒரு காகித ஸ்டிக்கர் போதும். சில்லறை தேட வேண்டாம், கள்ள நோட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். இரண்டு மாதத்தில் கொரோனா வந்து, நோட்டைத் தொடவே பயந்தோம்.

பற்று நோட்டில் ஒரு மாதக் காத்திருப்பு, காசோலையில் மூன்று நாள், அட்டையில் இரண்டு ரூபாய் இழப்பு. ஸ்டிக்கரில் இவை எதுவும் இல்லை. எழுபது வருஷத்தில் முதல் தடவையாக, நமக்கும் கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில் லாபமான முறை. அதனால்தான் இளநீர் வண்டி வரைக்கும் போனது. போலி ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் வந்ததும், "ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும் பெட்டியும் வந்தது. 2016 டிசம்பரில் 20 லட்சமாக இருந்த மாதப் பரிவர்த்தனை 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது.

இலவசம் என்றால் யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். சிறு வணிகர்களுக்கு வரும் சிறு தொகைகளுக்காக வங்கிகளுக்கும் மற்றவர்களுக்கும் அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். இந்த ஏற்பாடு என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

கல்லா மறுபடி கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைக்காரர்கள் பலருக்கு, அவர்களின் யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. வரி கேட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். சில நாளில் பல கடைகளில் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். வாடிக்கையாளர்கள் ஏடிஎம் தேடி நடந்தார்கள்.

ரொக்கம் எங்கே போனது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு 18 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. 2024 மார்ச்சில் அது சுமார் 34.8 லட்சம் கோடி. ஸ்டிக்கர் இவ்வளவு பரவிய அதே வருஷங்களில் நோட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. விலைவாசி ஏறியது ஒரு காரணம். இன்னொன்று, ஜனங்கள் செலவழிக்கப் போனையும் அவசரத்துக்கு நோட்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் பத்தாம்பசலித்தனம் என்று சொல்லமாட்டேன். சென்னைக்காரர்களுக்கு அனுபவம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மின்சாரமும் போன் டவரும் இல்லை, ஏடிஎம்மிலும் பணமில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போன் அணைந்து கிடந்தபோது, பால் பாக்கெட் வாங்கியவர்கள் நோட்டு வைத்திருந்தவர்கள்.

இனி நம் கடை

நம் கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். நம்மில் பெரும்பாலோர் ஸ்கேன் செய்துவிட்டு நகர்கிறோம். ரொக்கம் கொடுத்தவர்கள் வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள், இஸ்திரி போடுபவர், செக்யூரிட்டிகள், பேனா வாங்க வந்த பிள்ளைகள், பிறகு நம் எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள். அந்தப் பெண்களில் பலருக்கு நாமே சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கிறோம். வீட்டில் ஒரே போன், அதுவும் பையனிடம் என்பவர்களும் அவர்களில் உண்டு. நாம் கொடுத்த நோட்டை நம் வாசலிலேயே செல்லாக்காசு ஆக்குவது என்ன நியாயம்?

முன்பு சொன்ன பலகையை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ரொக்கம் மட்டும் என்று நிறுத்தப்பட்டவர்கள் தினக்கூலிக்காரர்கள். இப்போது ரொக்கம் கிடையாது என்று நிறுத்தப்படப்போவதும் அதே ஆட்கள்தான். அன்றாவது தன் முதலுக்குப் பயந்து கடைக்காரரே அந்தப் பலகையை மாட்டினார். இப்போது அவர் கேட்காமல் சங்கமே மாட்டச் சொல்கிறது. நான் கேட்டதில் அவருக்கு ரொக்கம் வாங்குவதில் ஆட்சேபணை இல்லை, சில்லறை கிடைத்தால் போதும் என்கிறார்.

அதனால் என் திருத்தம் மூன்று வரி. ஒன்று, கடையில் இரண்டும் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஆர்டருக்கு மட்டும் க்யூஆர் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு, நம் பிள்ளையார் கோவில் உண்டியல் சில்லறையை மாதாமாதம் எண்ணி, வங்கிக்குத் தூக்கிப் போவதற்குப் பதில் கடைக்குக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளலாம். எண்ணும் வேலையை நான் ஏற்கிறேன். மூன்று, இரவு கடை சாத்தும்போது கல்லாவில் 2,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது, ரொக்க விற்பனைக்கும் பில் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். சில்லறை, திருட்டு, கணக்கு என்று யோசனை சொன்னவர்கள் காட்டிய மூன்று கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஏழாவது விஷயம் கடைசியில் வருவதால், பாதிப் பேர் காபிக்கு எழுந்து போகும் நேரம் அது. தயவுசெய்து உட்கார்ந்திருந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போங்கள்.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், 'சி' பிளாக்